பதிவாகிற ஐம்பது நிமிடம்: அமெரிக்காவில் கவுன்சலிங் உளவியல் முனைவர் பயிற்சி

சென்னையிலோ கோவையிலோ எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் கவுன்சலிங் உளவியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறவர்களில் பலர் நம் ஊர் பிஎச்.டி.யை மனதில் வைத்துக்கொண்டே கிளம்புகிறார்கள். இங்கே யுஜிசியின் 2022 விதிமுறைப்படி குறைந்தது 12 கிரெடிட் வகுப்புகள், பிறகு ஆய்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. ஆலோசனைக்கு வரும் க்ளையன்ட் ஒருவர் எதிரில் உட்காராமலேயே உளவியலில் முனைவராகிவிடலாம். அங்கே அதே பட்டம், உரிமம் பெற்ற உளவியலாளராக ஆவதற்கான தொழிற்பயிற்சி. ஆய்வேடு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், கடைசி ஆண்டின் முழுநேர இன்டர்ன்ஷிப் முடியாமல் பட்டம் கையில் வராது. மொத்தம் ஐந்திலிருந்து ஆறு ஆண்டுகள், சிலருக்கு ஏழு.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1949இல் கொலராடோவின் போல்டரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஒரே நேரத்தில் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தது. 1951இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கூடியவர்கள் கவுன்சலிங் உளவியலுக்கான முனைவர் பயிற்சியை வரையறுத்தார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களுக்கு வேலையும் வேண்டியிருந்தது, மனத்துணையும் வேண்டியிருந்தது. பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் தொடங்கிய தொழில் வழிகாட்டல் மரபும் இந்தத் துறைக்குள் வந்து சேர்ந்தது. அதனால்தான் இன்றும் பல பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை கல்வியியல் கல்லூரிக்குள் இருக்கிறது. அதனால்தான் பாடத்திட்டத்தில் தொழில் வளர்ச்சிக் கோட்பாடு விடாமல் இடம்பிடித்திருக்கிறது. துறையின் பெயரை உளவியல் துறைப் பக்கத்தில் மட்டும் தேடிவிட்டு "இங்கே இந்தப் படிப்பு இல்லை" என்று போய்விடாதீர்கள்.

எங்கே விண்ணப்பிப்பது? முதல் சல்லடை, அமெரிக்க உளவியல் சங்கமான ஏபிஏவின் அங்கீகாரம். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும் தன் மாணவர் தரவுகளைத் தன் வலைத்தளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும்: படிப்பை முடிக்க எத்தனை ஆண்டு ஆயிற்று, செலவு எவ்வளவு, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள். விளம்பர வாசகங்களை விட்டுவிட்டு இந்த அட்டவணையை மட்டும் படித்தாலே போதும். இன்டர்ன்ஷிப் வரிசையில் இரண்டு எண்கள் இருக்கும், இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள் என்றும் அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள் என்றும். இரண்டாவது எண்தான் முக்கியம். முதல் எண் பெரியதாகவும் இரண்டாவது சிறியதாகவும் இருந்தால், நான்கு ஆண்டு உழைத்த பிறகு பிற்பாடு உரிமத்துக்குத் தடையாகக்கூடிய இடத்தில் போய் நிற்க நேரலாம்.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும். நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில். உதவித்தொகையோடு வரும் இடத்துக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. ஒரு துறை ஆண்டுக்கு ஐந்திலிருந்து பத்து பேரைத்தான் எடுக்கும், அதிலும் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட பேராசிரியர் ஒருவர் தன் ஆய்வுக்குழுவுக்காக எடுப்பார். அதனால் நோக்க அறிக்கையில் "சிறுவயது முதலே பிறருக்கு உதவும் ஆசை" என்று தொடங்குவது இடத்தை வீணாக்குவது. அந்த ஆசை எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. பேராசிரியர் தேடுவது ஆய்வுக் கேள்வியை: எதை அறிய விரும்புகிறீர்கள், அதற்கு ஏற்கெனவே என்ன செய்திருக்கிறீர்கள், அவருடைய ஆய்வோடு அது எங்கே இணைகிறது. நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. கட்டண விலக்கு எத்தனை ஆண்டுக்கு உறுதி? கோடை மாதங்களுக்கு உதவித்தொகை உண்டா? க்ளையன்ட்களைப் பார்த்துப் பழகும் களப்பயிற்சியான பிராக்டிகம் இடங்களுக்குப் போய்வரக் கார் வேண்டுமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். பேருந்து ஓடாத ஊரில் படிப்பவரின் இரண்டாம் ஆண்டையே அது தீர்மானித்துவிடும்.

முதல் ஆண்டில் புள்ளியியல், ஆய்வுமுறை, அறநெறி, பன்முகப் பண்பாட்டுக் கவுன்சலிங் என்று வகுப்புகள் நிறைய. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் மாணவர்கள் தேர்வெழுதத் தெரிந்தவர்கள். தடுமாறுவது திறன் பயிற்சி வகுப்பில். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கிளாரா ஹில் வகுத்த மூன்று கட்டங்கள் பல துறைகளில் சொல்லித்தரப்படுகின்றன: முதலில் க்ளையன்ட் தன்னைத் திறந்து பார்க்க உதவுவது, பிறகு புரிதல், கடைசியில்தான் செயல். சக மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து பேசி அதைப் பதிவு செய்வார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் எழுத்தாக்கி, தான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரில் அது என்ன வகை என்று குறிக்க வேண்டும்: திறந்த கேள்வி, மூடிய கேள்வி, சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல், உணர்வைப் பிரதிபலித்தல், மௌனம், அறிவுரை.

முதல் எழுத்தாக்கத்தில் பெரும்பாலும் வரிசையாகக் கேள்விகளாகவே இருக்கும். கேள்வி கேட்கிறவருக்கு அடுத்து என்ன சொல்வது என்ற பதற்றம் குறைகிறது. பதில் சொல்கிறவரோ விசாரணைக்கு உட்கார்ந்தவர் மாதிரி ஆகிவிடுகிறார். நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அக்கறை என்றால் அறிவுரை சொல்வது என்றே அத்தையிடமும் சித்தப்பாவிடமும் பார்த்துப் பழகியிருக்கிறோம். க்ளையன்ட் அழத் தொடங்கிய கணத்தில் "நீங்கள் இப்படிச் செய்து பாருங்களேன்" என்று வாயில் தானாக வந்துவிடும். இதற்கு நல்ல மருந்து, பதினைந்து நிமிடப் பயிற்சியில் கேள்வியே கேட்கக் கூடாது என்று விதி வைத்துக்கொள்வது. பிரதிபலித்தலும் மௌனமும் மட்டுமே மிஞ்சும்போது, மற்றவர் தானாகவே எவ்வளவு தூரம் போகிறார் என்று காதால் கேட்டு நம்ப முடிகிறது.

இரண்டாம் ஆண்டில், சில இடங்களில் முதலாண்டின் பிற்பாதியிலேயே, பிராக்டிகம். துறையின் சொந்த கிளினிக்கிலோ பல்கலைக்கழக கவுன்சலிங் மையத்திலோ உண்மையான க்ளையன்ட்கள். வாரத்துக்குப் பதினாறிலிருந்து இருபது மணி நேரம் போகும். அதில் ஐம்பது நிமிடச் சந்திப்புகள் ஆறிலிருந்து பத்து, தனி சூப்பர்விஷன் (மூத்த உளவியலாளரின் மேற்பார்வை) ஒரு மணி, குழு சூப்பர்விஷன் சுமார் இரண்டு மணி, மீதியெல்லாம் குறிப்பெழுதுதல். க்ளையன்ட்டிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு சந்திப்புகள் பதிவாகும். பதிவு மையத்தின் பாதுகாப்பான சேமிப்பகத்தில்தான் இருக்க வேண்டும். சொந்த போனிலோ பென் டிரைவிலோ வைத்தால் பயிற்சியே முடிந்துபோகலாம்.

என் பார்வையில் இந்த ஆறு ஆண்டுப் பயிற்சியின் மையத்தூண் இந்தப் பதிவுகள்தான். க்ளையன்ட் அறையில் நடந்ததை நினைவிலிருந்து சொல்லும்போது எல்லாருமே கொஞ்சம் திறமைசாலியாகிவிடுகிறோம். பதிவு அப்படி விடாது. 2017இல் நடைமுறைக்கு வந்த ஏபிஏ தரநிலைகளின்படி, ஒவ்வொரு பிராக்டிகம் மதிப்பீடும் ஓரளவாவது நேரடியாகப் பார்த்ததன் அடிப்படையில் இருக்க வேண்டும், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தோ பதிவிலிருந்தோ. வெறும் வாய்மொழி அறிக்கை போதாது. இந்த விதியைக் கிட்டத்தட்ட சடங்காக்கி, அரையாண்டுக்கு ஒருமுறை மட்டும் பதிவைப் பார்க்கும் இடங்கள் உண்டு. பிராக்டிகம் இடம் தேடும்போது "சூப்பர்வைசர் எவ்வளவு அடிக்கடி பதிவைப் பார்ப்பார்?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால், அந்த இடம் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் தயங்குங்கள்.

சூப்பர்விஷனுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ஐம்பது நிமிடப் பதிவில் ஐந்திலிருந்து பத்து நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்து, நேரத்தைக் குறித்து, ஒரு கேள்வியோடு போக வேண்டும். "இங்கே அவர் அப்பாவைப் பற்றிப் பேச்சை மாற்றினார், நானும் பின்னாலேயே போய்விட்டேன், ஏன்?" என்ற மாதிரி. ஜேனின் பெர்னார்ட் 1979இல் தந்த மாதிரி இங்கே உதவும். சூப்பர்வைசர் மூன்று பாத்திரங்களில் ஒன்றை எடுக்கலாம்: ஆசிரியர், ஆலோசகர், கலந்தாய்வாளர். கவனம் மூன்று இடங்களில் ஒன்றில் விழலாம்: செய்த தலையீடு, க்ளையன்ட்டைப் புரிந்துகொண்ட விதம், பயிற்சி பெறுபவரின் சொந்த உணர்வு. உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருந்தால் ஒரு மணி நேரம் வீணாகாது. இன்னொரு முறை மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் உருவாக்கியது. பதிவை ஓடவிட்டு, பயிற்சி பெறுபவரே தனக்கு ஏதோ உறுத்திய இடத்தில் நிறுத்துவார். சூப்பர்வைசர் திருத்தமாட்டார், "அந்த நொடியில் உங்களுக்குள் என்ன ஓடியது? அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது எது?" என்று மட்டும் கேட்பார். மெதுவான வேலை. பத்து நிமிடப் பதிவுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். ஆனால் அதில் கிடைப்பது வேறெதிலும் கிடைப்பதில்லை.

பிழை நேர்வது துண்டைத் தேர்ந்தெடுப்பதில். நன்றாக நடந்த துண்டைக் கொண்டுபோகும் ஆசை எல்லாருக்கும் வரும், ஏனென்றால் கற்றுக்கொடுக்கிறவரே மதிப்பெண்ணும் போடுகிறார். நிக்கலஸ் லடானியும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெறுபவர்களில் கிட்டத்தட்ட அனைவருமே சூப்பர்வைசரிடம் எதையாவது சொல்லாமல் விட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மீதே இருந்த எதிர்மறை உணர்வு, சொந்தப் பிரச்சினைகள், செய்த தவறுகள், மதிப்பீட்டைப் பற்றிய கவலை ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. பெரியவர்கள் முன் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது இரட்டைச் சுமை. சூப்பர்விஷன் தொடங்கும் முதல் வாரத்திலேயே, எதை வைத்து மதிப்பிடுவீர்கள், தவறைக் கொண்டுவந்தால் அது எப்படிப் பதிவாகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நல்ல சூப்பர்வைசர் தவறோடு வருகிறவரைத் தேறுகிறவராகத்தான் பார்ப்பார்.

சூப்பர்வைசரிடம் சொல்வதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாத இடம் ஒன்று உண்டு. க்ளையன்ட் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் வாராந்தர சூப்பர்விஷன் வரை காத்திருப்பது கிடையாது. எண்ணம், திட்டம், வழி கையருகில் இருக்கிறதா, உறுதி எவ்வளவு, முன்பு முயன்றாரா, பிடிமானமாக இருப்பவை எவை என்று கேட்டுவிட்டு, அவர் அறையை விட்டுப் போவதற்கு முன்பே சூப்பர்வைசரை அழைக்க வேண்டும். யாரைக் கலந்தோம், என்ன முடிவெடுத்தோம், ஏன் என்று அன்றே குறிப்பில் எழுத வேண்டும். பிறருக்கு ஆபத்து என்றால் சட்டமும் வந்து நிற்கும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் 1976ஆம் ஆண்டு டாரசாஃப் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்களில் எச்சரிக்கும் கடமையோ பாதுகாக்கும் கடமையோ உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறும். உங்கள் மாநில வாசகத்தை முதல் க்ளையன்ட்டுக்கு முன்பே படித்துவிடுங்கள்.

தமிழ் தெரிந்த பயிற்சி மாணவரிடம் தமிழ்க் குடும்பத்து க்ளையன்ட் ஒருவர் வந்தால் மையம் மகிழ்ந்து அனுப்பிவைக்கும். சந்திப்பு தமிழில் நடக்கும். பதிவும் தமிழில் இருக்கும். சூப்பர்வைசருக்கோ ஒரு சொல்லும் புரியாது, ஆனால் சட்டப்படி அந்தச் சிகிச்சைக்குப் பொறுப்பு அவர்தான். இப்படி நடத்துவதானால் துண்டை எழுத்தாக்கி மொழிபெயர்த்துக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கே ஒரு மாலைப் பொழுது போகும். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கும்படி முன்கூட்டியே பேசுங்கள். மொழி தெரிந்த உரிமம் பெற்றவர் வெளியிலிருந்து கலந்தாய்வுக்குக் கிடைப்பாரா என்றும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தச் சந்திப்பு யாரும் பார்க்காத சந்திப்பாகிவிடுகிறது. அது க்ளையன்ட்டுக்கு நியாயமில்லை.

இனி மணிக்கணக்கு. இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தை நடத்தும் ஏபிபிக் அமைப்பு, பிராக்டிகம் நேரத்தை வகைவகையாகக் கேட்கும்: நேரடிச் சிகிச்சை, சோதனை மதிப்பீடு, சூப்பர்விஷன், பின்னணி வேலை. நாற்பத்தைந்து ஐம்பது நிமிடச் சந்திப்பை ஒரு மணி நேரமாக எழுதலாம். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரு மணி நேரம் பார்த்தால் அது ஒரு மணிதான், இரண்டல்ல. பன்னிரண்டு பேர் குழு இரண்டு மணி நேரம் நடந்தால் இரண்டு மணி. சக மாணவரை வைத்துப் பழகிய நுண்ணறிவுச் சோதனை கணக்கில் சேராது. முதுகலையில் செய்த நேரம் தனி வரிசை. சோதனை அறிக்கை "ஒருங்கிணைந்த அறிக்கை" ஆக வேண்டுமானால் வரலாறு, நேர்காணல், குறைந்தது இரண்டு உளவியல் சோதனைகள் ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும். கவுன்சலிங் உளவியல் மாணவர்கள் அடிக்கடி அடிவாங்குவது இங்கேதான். பல்கலைக்கழக மையங்களில் சிகிச்சை நேரம் குவியும், சோதனை வாய்ப்பு வராது. மருத்துவமனை இன்டர்ன்ஷிப் நினைப்பிருந்தால் மூன்றாம் ஆண்டில் சோதனைக்கென்றே தனிப் பிராக்டிகம் எடுத்துவிட வேண்டும். கணக்கை டைம்2டிராக் மாதிரி மென்பொருளிலோ சாதாரண எக்செல் தாளிலோ வாராவாரம் எழுதுங்கள். க்ளையன்ட்டின் வயது, இனம், பாலினம் முதலியவையும் கேட்கப்படும். இரண்டு ஆண்டு கழித்துக் காலண்டரைப் பார்த்து அவற்றை மீட்க முடியாது.

ஆய்வேடு இதற்கிடையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுவதில்லை என்பதுதான் நடைமுறை. க்ளையன்ட் வியாழன் மூன்று மணிக்கு வந்தே தீருவார், ஆய்வேட்டுக்கு அப்படி ஒரு மூன்று மணி கிடையாது. இந்தத் துறைக்கே உரிய முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹில், தாம்ப்சன், வில்லியம்ஸ் 1997இல் வெளியிட்ட ஒருமித்த பண்புசார் ஆய்வுமுறையில், எட்டிலிருந்து பதினைந்து பேரை நேர்கண்டு, மூன்று நான்கு பேர் கொண்ட குழு ஒவ்வொரு நேர்காணலையும் விவாதித்து ஒத்த முடிவுக்கு வரும். வெளியிலிருந்து தணிக்கையாளர் ஒருவர் சரிபார்ப்பார். கேட்க எளிது. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் குழுக் கூட்டங்கள் மாதக்கணக்கில். குழுவில் ஒருவர் நடுவில் இன்டர்ன்ஷிப்புக்காக வேறு மாநிலம் போய்விட்டால் முறையே ஆட்டங்காணும். அதனால் குழுவில் உங்களுக்கு ஓராண்டு இளையவர்களைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். தமிழில் நேர்காணல் எடுப்பதானால் பகுப்பாய்வுக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த இருவராவது வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து விவாதித்தால், மொழிபெயர்த்த ஒருவரின் பார்வையே முடிவாகிவிடும்.

பல துறைகள் ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்ட பிறகே இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க விடும். ஆகவே உண்மையான கெடு, விண்ணப்ப ஆண்டின் செப்டம்பர், அக்டோபர். தரவு சேகரிப்பையும் முடித்துவிட்டுப் போக முடிந்தால் போய்விடுங்கள். வாரம் நாற்பது மணி நேர இன்டர்ன்ஷிப்பில் ஆய்வேடு முடிப்பேன் என்று போகிறவர்களில் பலர் பட்டமில்லாமலேயே அடுத்த வேலைக்குப் போகிறார்கள். உரிமமும் அதோடு தள்ளிப்போகிறது.

இன்டர்ன்ஷிப் தேர்வு கணினிப் பொருத்தம் மூலம் நடக்கிறது. நவம்பரில் விண்ணப்பம்: நான்கு கட்டுரைகள், தலா ஐந்நூறு சொல்லுக்குள், தன்வரலாறு, கோட்பாட்டு நிலைப்பாடு, பன்மை, ஆய்வு. டிசம்பர், ஜனவரியில் நேர்காணல். பிப்ரவரி தொடக்கத்தில் இரு தரப்பும் விருப்ப வரிசை தருகிறார்கள், சில வாரத்தில் முடிவு. முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், பிறகு பேரம் கிடையாது. வரிசையை உங்கள் உண்மையான விருப்பப்படியே இடுங்கள். "அந்த இடத்துக்கு என்னைப் பிடித்ததா" என்று ஊகித்து மேலே கீழே நகர்த்துவதால் லாபமே இல்லை. பொருத்தும் கணினி முறை விண்ணப்பதாரரின் விருப்பத்தில் தொடங்குவதால், மேலே எட்டாத இடத்தை வைத்ததற்காகக் கீழே உள்ள இடம் கைநழுவாது. போக விரும்பாத இடத்தை மட்டும் வரிசையில் சேர்க்காதீர்கள். 2010களின் தொடக்கத்தில் விண்ணப்பதாரர்களை விட இடங்கள் மிகக் குறைவாக இருந்து பலர் ஓராண்டை இழந்தார்கள். பின்னர் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனாலும் ஒரே நகரத்துக்குள் மட்டும் தேடுகிறவர்களுக்கு இன்றும் கடினம்தான்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நாட்டிலேயே மிக அதிகமான உளவியலாளர்களைப் பயிற்றுவிக்கின்றன, ஆனால் அங்கே பயிற்சிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அவற்றுக்கு அனுப்பும் விண்ணப்பம் வீண். இரண்டாவது, இன்டர்ன்ஷிப்புக்குப் பல்கலைக்கழகம் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை செய்யும்) அனுமதி தரும். முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதத்தைத் தொட்டுவிட்டால், பட்டத்துக்குப் பிறகு துறையில் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி உரிமை போய்விடும். இன்டர்ன்ஷிப்போ சரியாகப் பன்னிரண்டு மாதம். பொருத்த முடிவு வந்த அன்றே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய் நாள்களை எப்படி அமைப்பது என்று பேசுங்கள். முன்பு கோடைப் பயிற்சிக்கு முழுநேர சிபிடி எடுத்திருந்தால் அதுவும் கூட்டலில் சேரும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

இன்டர்ன்ஷிப்பில் வாரத்துக்கு குறைந்தது நான்கு மணி சூப்பர்விஷன், அதில் இரண்டு மணியாவது தனி சூப்பர்விஷன். பட்டத்துக்குப் பிறகு உரிமத்துக்கான ஈபிபிபி தேர்வு: 225 கேள்விகள், அவற்றில் மதிப்பெண்ணுக்கு 175, நேரம் நாலேகால் மணி, தேர்ச்சிக்கு மாற்றியமைத்த அளவுகோலில் 500. பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வை நேரம் மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியா மொத்தம் 3,000 மணி கேட்கிறது, அதில் பாதி பட்டத்துக்குப் பிறகு. உரிம வாரியங்கள் பழைய காகிதங்களையும் கேட்கும்: ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், சூப்பர்வைசர் கையெழுத்திட்ட மணிக்கணக்கு, அப்போது அவருக்கிருந்த உரிம எண். சூப்பர்வைசர்கள் ஓய்வு பெறுவார்கள், மையங்கள் மூடப்படும், பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு பட்டம் வாங்கிய பிறகு நின்றுபோகலாம். ஒவ்வொரு அரையாண்டு முடிவிலும் கையெழுத்தோடு ஸ்கேன் செய்து, பல்கலைக்கழகக் கணக்குக்கு வெளியே இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். க்ளையன்ட் பெயரோ அடையாளமோ அந்தக் கோப்புகளில் எங்கும் வரக் கூடாது.